ஒண்ணு பாக்கி

ஷைமாவுக்கு வெள்ளியங்கிரி தர வேண்டிய கடன் ஐந்நூறு ரூபாய். கையில் காசில்லாமல் நின்றுபோன கடன் இல்லை அது. சட்டைப் பையில் நோட்டுகள் புடைத்துக்கொண்டிருக்கும்போதே, கம்ப்யூட்டர் வேலைக்குப் பேசிய நாலாயிரத்தில் மூவாயிரத்து ஐந்நூறைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தார். அவருடைய தொழில் முறையே அப்படி. எந்தக் கணக்கையும் முழுசாகத் தீர்க்க மாட்டார்.

வெள்ளியங்கிரி சாமானியப்பட்ட ஆள் இல்லை. தொண்ணூற்றாறாம் வருஷத்தில் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி லேத் பட்டறை வெள்ளியங்கிரி வீடு எது என்று கேட்டால், டீக்கடைக்காரர் பாய்லரை விட்டு வெளியே வந்து வழி காட்டுவார். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்துக்கு இருந்த குடும்பம். பள்ளிக்கூடம் என்று போனது நாலாவது வரைக்கும்தான். பதினைந்து வயதில் மாற்றுத் துணிகூட இல்லாமல் சிங்காநல்லூர் வந்து ஒரு பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டும் வேலையில் சேர்ந்தார். கூட்டிக்கொண்டே லேத்தைப் பார்த்தார். பார்த்தே கற்றுக்கொண்டார். எவனும் கைபிடித்துச் சொல்லித் தரவில்லை. அப்புறம் ஒரு பழைய லேத்தைத் தவணைக்கு வாங்கிப் போட்டார். இப்போது ஐந்து லேத், ஒரு மில்லிங் மிஷின், பதினோரு ஆட்கள், மாடி வைத்த வீடு. அவர் கடைந்து கொடுத்த ஷாப்ட் ஒன்றுகூட இன்றுவரை திரும்பி வந்ததில்லை. ஒரு முடி அளவு பிசகினாலும் தூக்கிக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவாரே தவிர அனுப்ப மாட்டார்.

ஆனால் இந்த வளர்ச்சிக்கெல்லாம் காரணம் கைவேலை இல்லை, வேறொரு சூட்சுமம் என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

பட்டறை போட்ட முதல் மாதத்தில் இரண்டு பேர் வேலை கொடுத்தார்கள். சூலூர்க்காரர் ஒருவர் கேட்டதை முழுசாக வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அந்த ஆள் இருந்த திசையே தெரியவில்லை. பல்லடத்துக்காரர் ஒருவர் மோட்டார் பம்புக்குள் மாட்டும் சின்ன உலோகக் குழல்களான புஷ் ஐம்பது கேட்டிருந்தார். கட்டிக் கொடுத்த அவசரத்தில் ஒரு புஷ் லேத்துக்கு அடியில் உருண்டு தங்கிவிட்டது. நாலு நாள் கழித்து அந்த மனிதர் குதித்துக்கொண்டு வந்தார். புஷ்ஷைக் கொடுத்ததும் கோபம் தணிந்து, டீ குடித்து, வந்ததுதான் வந்தோம் என்று இன்னொரு நூறு புஷ்ஷுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டார் வெள்ளியங்கிரி. எத்தனை உருப்படிக்கு ஆர்டர் வந்தாலும் ஒன்றை நிறுத்தி வைப்பது. அடுத்த ஆர்டர் வரும்போது பழைய பாக்கியை அப்படியே விட்டு, புதிதிலும் ஒன்றை நிறுத்துவது. கயிறு அறாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டறை ஆளின் சம்பளத்தில் ஒரு நாள் கூலி நிற்கும். எண்ணெய்க்காரருக்கு ஒரு டின் காசு நிற்கும். மிஷின் துடைக்கக் கழிவுப் பஞ்சு போடும் உமர் பாரூக்குக்கு ஒரு மூட்டைக் காசு நிற்கும்.

"கணக்கு முடிஞ்சா ஒறவு முடிஞ்சுதுங்க. ஒண்ணு பாக்கி இருந்தாத்தானுங்க மனுசன் திரும்பி வருவான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பட்டறைக்குள் கம்ப்யூட்டர் வந்ததற்குக் காரணம் நரசிம்மலு. நூல் மில்லுகளுக்கு இயந்திரம் செய்யும் ஒரு பெரிய கம்பெனியில் வெளிப் பட்டறைகளுக்கு வேலை கொடுக்கும் அதிகாரி அவர். இருநூறு ஸ்பேசர் வளையத்துக்கு முதல் ஆர்டர் கொடுத்துப் பார்த்தார். வேலை சுத்தம் என்று அவருக்குப் பிடித்துப்போனது. ஆனால் போகும்போது ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார்.

"வெள்ளியங்கிரி, இனிமே வாராவாரம் எந்த வேலை எந்த மிஷின்ல நிக்குது, எத்தனை முடிஞ்சுது, எத்தனை அனுப்பினீங்க, எல்லாம் கம்ப்யூட்டர்ல பிரிண்ட் எடுத்து அனுப்பறவங்களுக்குத்தான் எங்க கம்பெனி வேலை. மேலிடத்து உத்தரவு. நான் வந்து பாத்துட்டுத்தான் உங்க பேரைப் பதிவு பண்ண முடியும்."

"எல்லாம் என் மண்டைல இருக்குதுங்க சார். கேளுங்க, சொல்றேன்."

"உங்க மண்டையைக் கழட்டி எங்க ஆபீஸுக்கு அனுப்ப முடியாதேய்யா."

வெள்ளியங்கிரி சிரித்துவைத்தார். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. அந்தக் கம்பெனி வேலையை நம்பித்தான் வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து மில்லிங் மிஷினை வாங்கியிருந்தார். அந்த வேலை வரவில்லையென்றால் மிஷின் தூங்கும், தவணை நிற்கும், மாடி வீடு போகும். மனைவி மாசாணியம்மாள் அன்று இரவு சோறு போடும்போது ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"அந்தப் பொட்டியை வாங்கிப் போடுங்க. ஊடு போச்சுன்னா உங்க மண்டைக்குள்ளயா குடியிருக்கறது?"

காந்திபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் கறமுறவென்று சத்தம் போடும் ஒரு பிரிண்டரும் வாங்கினார். பட்டறை மூலையில் பிளைவுட் தடுப்பு அடித்து, மேஜை போட்டு, திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டினார். உமர் பாரூக் பஞ்சு மூட்டையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"மொதலாளி, எங்க பொண்ணு ஷைமா இந்தப் படிப்புத்தான் படிச்சிருக்குது. உக்கடத்துல ரெண்டு கடைக்குக் கணக்குப் புரோகிராம் எழுதிக் குடுத்திருக்குது. வரச் சொல்லட்டுங்களா?"

"வரச் சொல்லுங்க பாய். நம்ம புள்ளை."

ஷைமா வந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் திரையில் இருந்த சந்தனத்தைப் பார்த்தாள், வெள்ளியங்கிரியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் அதற்குப் பக்கத்தில் தெரிந்த இடத்தில் வேலையைத் தொடங்கினாள். அதிலேயே அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"ஐயா, இதுக்குள்ள மூணு பொட்டி மாதிரி கட்டறனுங்க" என்று விளக்கினாள். "ஒரு பொட்டில வந்த வேலை. இன்னொண்ணுல எந்த மிஷின், எந்த ஆளு. மூணாவதுல அனுப்பினது, வந்த காசு. மூணையும் வேலை நம்பர் ஒண்ணு சேத்துக் கட்டியிருக்கும். நம்பரைத் தட்டினா அந்த வேலையோட சாதகமே வந்துரும்."

"நாங்க நம்பர் போடறதில்லையே அம்மணி. பல்லடத்துக்காரர் புஷ்ஷு, திருப்பூர்க்காரர் ரோலரு, அப்படித்தான் பேரு."

"திருப்பூர்க்காரர் ஒருத்தர்தானுங்களா?"

"ஏழு பேரு."

"ஏழு பேருக்கும் ரோலருதானுங்களா?"

"ஆமா. ஆனா எனக்குத் தெரியும் யாரு எந்தத் திருப்பூர்க்காரருன்னு!"

"உங்களுக்குத் தெரியுமுங்க. இதுக்குத் தெரியாதுங்களே" என்றாள் ஷைமா, திரையைத் தட்டிக் காட்டி.

அனுப்பிய சீட்டுகளையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார். அதைக் கொட்டி, பட்டறை மேஸ்திரி பங்காரு ஒவ்வொன்றாக வாசிக்க, ஷைமா தட்டிக்கொண்டே வந்தாள். சீட்டில் இல்லாததை வெள்ளியங்கிரி நின்ற இடத்திலிருந்து சொன்னார். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், யாருக்கு எந்த அளவு, என்ன இரும்பு, எல்லாம் பிசகாமல் வந்தது. பங்காரு வாயைப் பிளந்தான். வெள்ளியங்கிரிக்குத் தலை சற்று உயர்ந்தது.

ஒரு நாள் ஷைமா கேட்டாள். "ஐயா, ஒரு வேலை முடிஞ்சுதுன்னு எப்ப எடுத்துக்கறதுங்க? அதை நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

இதென்ன கேள்வி என்று நெஞ்சை நிமிர்த்தினார் வெள்ளியங்கிரி. "கேட்ட உருப்படி அத்தனையும் போய்ச் சேந்தாத்தான் கண்ணு முடிஞ்சுது. ஒண்ணு கொறைஞ்சாலும் முடியலைன்னுதான் அர்த்தம். நம்ம பட்டறைல அரைகுறைங்கற பேச்சே கெடையாது."

"சரிங்கய்யா" என்று ஷைமா அப்படியே எழுதினாள். கம்ப்யூட்டர் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

நரசிம்மலு வியாழக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின திங்கட்கிழமை, முதல் முறையாக முழுப் பட்டியலையும் அச்சடித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. மாசாணியம்மாள் கேசரி கிண்டிக்கொண்டு வந்திருந்தாள். லேத்தையெல்லாம் நிறுத்திவிட்டு ஆட்கள் தடுப்புக்கு வெளியே கூடி நின்றார்கள். பிரிண்டர் கத்தத் தொடங்கியது. காகிதம் மடிப்பு மடிப்பாக இறங்கி, மேஜையைத் தாண்டி, தரையைத் தொட்டு, அங்கேயும் அடுக்கிக்கொண்டே போனது.

வெள்ளியங்கிரிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரே மாதிரி ஒரு வார்த்தை நிற்பது கண்ணில் பட்டது.

"ஏன் பங்காரு, கடைசில வாரது என்னது?"

பங்காரு குனிந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். "முடியலை, பாக்கி நிக்குதுன்னு போட்டிருக்குதுங்க."

"எந்த வேலைக்கு?"

"எல்லாத்துக்குமுங்க."

"எல்லாத்துக்கும்னா?"

பங்காரு காகிதத்தை மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பார்த்தான். "இதுக்குள்ள ஏத்தின ரெண்டு வருசக் கணக்குல ஒரு வேலைகூட முடியலைன்னு சொல்லுதுங்க மொதலாளி."

வெள்ளியங்கிரி தாளை இழுத்து மேஜையில் அடித்தார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரன் ஓடி வந்தான்.

"பொய் சொல்லுது! முப்பதாயிரம் ரூவா குடுத்து வாங்கி, குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டி, எம்பட பட்டறைல உக்காந்துட்டு எம்மேலயே பொய் சொல்லுது! வெள்ளியங்கிரி ஒரு வேலைகூட முடிக்காதவனா? இந்தத் தாளை நரசிம்மலு பாத்தா நம்ம கதி என்னாகறது?"

ஷைமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. தன் புரோகிராமில்தான் பிழை என்று நினைத்தாள். கேசரியைத் தொடவில்லை. அன்று முழுக்கவும் மறுநாள் காலையும் எழுதியதை வரி வரியாகப் பார்த்தாள். தப்பு கிடைக்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு வேலையிலும் கேட்டதையும் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. நூறுக்குத் தொண்ணூற்றொன்பது. இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"பங்காருண்ணா" என்று கூப்பிட்டாள். "எல்லாத்துலயும் எப்படிங்க ஒண்ணே ஒண்ணு கொறையுது?"

பங்காரு வெள்ளியங்கிரியைப் பார்த்தான். அவர் தலையாட்டியதும், சுவரோரம் இருந்த இரும்பு பீரோவைத் திறந்து காட்டினான். உள்ளே தட்டுத் தட்டாக ஒற்றை ஒற்றை உருப்படிகள். ஒரு புஷ், ஒரு ஷாப்ட், ஒரு ரோலர், ஒரு கப்ளிங். துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி, காகிதம் சுற்றி, நூல் கட்டி, ஊர்ப் பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்தது.

ஷைமா கையை வாயில் வைத்துக்கொண்டாள். "அல்லாவே! இத்தனையுமுங்களா?"

"அதுதான் கண்ணு நம்ம தொழில் சூட்சுமம்" என்றார் வெள்ளியங்கிரி. சூட்சுமத்தைச் சொன்னதும் போன தெம்பு கொஞ்சம் திரும்பியது. பல்லடத்துக்காரர் புஷ் உருண்ட கதையிலிருந்து தொடங்கி முழுக்கச் சொல்லி முடித்தார். "இப்பப் புரிஞ்சுதா? அதனால அந்தப் பொட்டிகிட்ட, ஒண்ணு கொறைஞ்சாலும் முடிஞ்சுதுன்னு காட்டச் சொல்லிப்போடு."

"காட்டிரலாமுங்க. அரை மணி நேர வேலைதான். ஆனா நரசிம்மலு சாரோட வளையம் இருநூறுல ஒண்ணு இந்த பீரோவுலதானுங்களே இருக்குது? இங்க முடிஞ்சுதுன்னு தாள் சொல்லும். அவருக்கு அங்க ஒண்ணு கொறையும். அப்ப உங்க தாளை அவரு எப்படிங்க நம்புவாரு?"

ஷைமா இன்னொரு தாளை எடுத்தாள். "அப்புறம் இதையும் பாத்துருங்க. உருப்படியில ஒண்ணு நிக்கற எடத்துல எல்லாம் காசும் கொஞ்சம் நிக்குது. பில்லுல பத்துக்கு ஒரு பங்கு யாருமே குடுக்கலைங்க. கடைசி உருப்படி வரட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கறாங்க. எல்லாம் கூட்டினா ஒரு லட்சத்தி எழுவதாயிரம் வருதுங்க."

"எத்தன?"

மறுபடியும் சொன்னாள்.

அந்த மனிதர்களெல்லாம் கணக்கில் கொஞ்சம் நிறுத்துவது தன்மேல் வைத்த பிரியத்தால், தான் பாக்கி வைக்கிற மாதிரியே அவர்களும் உறவுக்காக வைக்கிறார்கள் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். ஒரு லட்சத்து எழுபதாயிரம். பேங்குக்காரன் மிரட்டிக்கொண்டிருந்த தவணையெல்லாம் கட்டிவிட்டு இன்னொரு பழைய லேத் வாங்கலாம். அவர் மில்லிங் மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். மாசாணியம்மாள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

ஆனாலும் முப்பது வருஷப் பழக்கம் ஒரு கணக்கைக் கேட்டதும் விட்டுப் போய்விடுமா? புதன்கிழமை சாயங்காலம் ஷைமா எல்லாம் தயார், மெனுவில் மூன்றாவது எண்ணைத் தட்டினால் வார அறிக்கை வரும் என்று சொல்லிக் கிளம்பியபோது, அவர் கை தானாகவே மூவாயிரத்து ஐந்நூறில் நின்றது.

"ஐந்நூறு அடுத்த தடவைக்கு இருக்கட்டும் அம்மணி."

ஷைமா காசைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சிரித்தாள்.

"சரிங்கய்யா. உங்க முறைதானுங்களே. ஒண்ணு பாக்கி இருந்தாத்தான் மனுசங்க திரும்பி வருவாங்க."

மறுபடி உட்கார்ந்து இரண்டு வரி தட்டி, ஒரு பிளாப்பித் தகட்டை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். இந்தப் புள்ளை பொழைச்சுக்கும் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனார் வெள்ளியங்கிரி.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒத்திகை பார்ப்போம் என்று பங்காரு மூன்றாவது எண்ணைத் தட்டினான். பிரிண்டர் சத்தம் போடவில்லை. திரையில் ஒரே ஒரு வரி வந்து கண் சிமிட்டியது.

"என்னடா அது?"

"இங்கிலீஷ் எழுத்துல தமிழை எழுதியிருக்குதுங்க" என்றான் பங்காரு. எழுத்துக் கூட்டிப் படித்தான். "அறிக்கை, ஒண்ணு பாக்கி."

"என்னது?"

"ஒண்ணு பாக்கியாமுங்க மொதலாளி. அறிக்கைங்கற துண்டை மட்டும் அந்தப் புள்ளை இதுக்குள்ள போடலீங்க. கையோட கொண்டு போயிருச்சு." பங்காரு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவனுக்கும் ஒரு நாள் கூலி எட்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தது.

வெள்ளியங்கிரி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் நரசிம்மலு வருகிறார். எத்தனையோ பேருக்குத் தான் செய்ததைத் தனக்கு ஒருத்தி செய்வாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. மாசாணியம்மாள் வந்து திரையைப் பார்த்துவிட்டு, பங்காரு சொன்னதைக் கேட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதே! ஊடு போயிரும்!"

"வண்டியை எடுங்க முதல்ல. பாக்கி இருந்தா மனுசன் திரும்பி வருவான்னீங்களே, இப்பத் திரும்பிப் போற மனுசன் யாருன்னு பாருங்க."

ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு உக்கடத்துக்குப் போனார். உமர் பாரூக் பஞ்சுக் கிடங்கு வாசலில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தார். ஷைமா உள்ளே உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் உமர் பாரூக் பதறிப்போனார்.

"என்னம்மா காரியம் பண்ணியிருக்கே? மொதலாளியோட வயசென்ன, உன்ற வயசென்ன?"

"அத்தா, நான் ஒண்ணும் பண்ணலீங்க. ஐயாவோட முறையில வேலையை முடிச்சேன். ஒரே ஒரு உருப்படிதான் பாக்கி" என்றாள் ஷைமா. பிறகு வெள்ளியங்கிரியிடம் திரும்பினாள். "இல்லாதவங்ககிட்டன்னா நானே விட்டிருப்பனுங்க. இருக்கறப்பவே நிறுத்தினீங்களே, அதுதான் என் வேலை அரைகுறை வேலைன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

வெள்ளியங்கிரிக்குக் கோபம் வர வேண்டிய இடம். ஆனால் வாய்க்கு வந்தது வேறு. "பாய், நீங்களாச்சும் சொல்லுங்க. பதினோரு வருசமா உங்க ஒரு மூட்டைக் காசு எங்கிட்ட நிக்குது. அதனாலதான நீங்க வந்துட்டே இருக்கறீங்க? நம்ம ஒறவு அறாம இருக்குது?"

உமர் பாரூக் தராசுக் கொக்கியை விட்டுவிட்டு மெதுவாக நிமிர்ந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"மொதலாளி, தப்பா நெனைக்காதீங்க. அந்தக் காசை நான் மூணாவது வருசமே போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். நான் வாரது எதுக்குன்னா, உங்க பட்டறைல பஞ்சு வீணாகாது, ஆளுங்க மிஷினைச் சுத்தமா வெச்சிருக்கறாங்க. அந்தம்மா ஏலக்காய் போட்டு டீ குடுக்கறாங்க. பல்லடத்துக்காரரும் புஷ்ஷுக்காகத்தான் வாராருன்னு நெனச்சீங்களா? உங்க வேலை மாதிரி கோயமுத்தூர்ல எவன் வேலை நிக்குது? அந்த ஒரு புஷ்ஷுக்காக உங்களை எத்தனை பேரு வெளியில திட்டறாங்க தெரியுமா? திட்டிட்டேதான் வாராங்க."

வெள்ளியங்கிரி பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்தார். ஊரெல்லாம் தன்னைப் பற்றிப் பெருமை பேசியவர், தன் வேலையைப் பற்றி மட்டும் குறைத்துப் பேசியிருக்கிறார். மனுசர்களைத் திரும்ப வரவைத்தது கடைந்த கை. அதை நம்பாமல் ஒரு பீரோ நிறைய இரும்பைப் பூட்டி வைத்துக் காவல் காத்திருக்கிறார். லட்சத்து எழுபதாயிரம் என்று கேட்டபோதுகூட அவருக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை.

"ஆட்டோ கூப்பிடுங்க பாய்" என்றார். "வண்டி இங்கயே நிக்கட்டும், மூணு பேருமே போலாம்."

பட்டறைக்குப் போனதும் ஷைமா பிளாப்பியைச் சொருகி, எடுத்துப்போன துண்டைப் போட்டாள். காசைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வெள்ளியங்கிரி பீரோவைத் திறந்து நரசிம்மலுவின் வளையத்தை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, வேட்டி நுனியில் எண்ணெயைத் துடைத்தார்.

நரசிம்மலு சொன்னபடி வந்தார். வார அறிக்கையைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மற்ற வேலையை எல்லாம் விட்டுத் தன் கம்பெனி வரியைத் தேடினார். பட்டறை முழுக்க அவர் விரலையே பார்த்தது.

"இருநூறு கேட்டோம். நூத்தித் தொண்ணூத்தொம்பது அனுப்பியிருக்கீங்க. ஒண்ணு பாக்கின்னு காட்டுதே?"

பழைய வெள்ளியங்கிரியாக இருந்தால் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லித் தப்பித்திருப்பார். மிஷின் உடைந்தது, கணக்கு தப்பியது, எதையாவது சொல்லியிருப்பார். அவர் வளையத்தை நீட்டினார்.

"காட்டறது நெசந்தானுங்க சார். நாந்தான் நிறுத்தி வெச்சேன். இந்தாங்க."

நரசிம்மலு வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட பாவி மனுசா! இந்த ஒண்ணைக் காணோம்னு எங்க ஸ்டோர்ல ஒருத்தனை ஒரு வாரமா நாங்க காய்ச்சி எடுத்துட்டு இருக்கோம். திருடிட்டான்னு எழுதி வாங்கறதா இருந்துச்சய்யா நாளைக்கு!"

வெள்ளியங்கிரி பீரோவைத் திரும்பிப் பார்த்தார். முகம் தெரியாத யாரோ ஒருவனுடைய பிழைப்பு, தன் பீரோவுக்குள் காகிதம் சுற்றிக் கிடந்திருக்கிறது. "சார், இப்பவே போன் போடுங்க" என்று மட்டும் சொன்னார். நரசிம்மலு பட்டறை போனிலேயே சொல்லி முடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். ஷைமா அந்த ஒன்றைக் கணக்கில் ஏற்றி இன்னொரு முறை அச்சடித்தாள். அந்த நீளத் தாளில் ஒரே ஒரு வரி மட்டும் முடிந்தது என்று நின்றது.

"இது நல்ல தாள்" என்றார் நரசிம்மலு, அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு. "எனக்கு எதிரா இருந்தாலும் உண்மையைச் சொல்லுது, உங்களுக்கு எதிரா இருந்தாலும் உண்மையைச் சொல்லுது. பேரைப் பதிவு பண்ணிக்கறேன். அடுத்த மாசம் ஆயிரம் வளையம். ஆயிரம்னா ஆயிரம்."

"ஆயிரங்க சார். எண்ணிப் பாத்து வாங்கிக்குங்க."

நரசிம்மலு போனதும் பங்காரு பீரோவைத் திறந்து வைத்து, ஊர் வாரியாகப் பிரிக்கத் தொடங்கினான். உமர் பாரூக் டீக்காகக் காத்திருந்தார். டீயோடு சேர்த்துப் பதினோரு வருஷத்து மூட்டைக் காசையும் மாசாணியம்மாளே கொண்டுவந்து வைத்தாள். பங்காருவின் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, இன்றைய கூலியா அன்றைய கூலியா என்று அவன் திருப்பிக் கேட்டான்.

வெள்ளியங்கிரி சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார். "கையை நீட்டு கண்ணு."

ஷைமா வலது கையை விரித்து நீட்டினாள். அவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஒவ்வொரு நூறாக வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது நோட்டில் விரல் பிடித்த பிடியை விடவில்லை. நோட்டின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை அவள் உள்ளங்கையில்.

"உடுங்க, கிழிஞ்சுபோகப் போகுது" என்றாள் மாசாணியம்மாள்.

"அஞ்சு" என்றார் வெள்ளியங்கிரி. நோட்டு அவள் உள்ளங்கையில் படிந்தது.